ஆயா சொல்லியனுப்பிய சொல்

ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்திலே, ஸ்கூடாயிலிருந்து மேற்கே செல்லும் சாலையில், பெக்கான் நானாஸ் என்னும் சிற்றூர் உண்டு. 'நானாஸ்' என்பது மலாய் மொழியில் அன்னாசிப் பழத்தைக் குறிக்கும். கறுத்து, மிதித்தால் உள்வாங்கும் சதுப்பு மண்ணிலே அன்னாசி செழித்து வளர்ந்தமையால் ஊருக்கு அப்பெயர் வாய்த்தது. 1930-களில், தகரப்பெட்டியில் அடைத்த அன்னாசியை உலகுக்கு அனுப்பிய நாடுகளுள் ஹவாய்த் தீவுகளுக்கு அடுத்தபடியாக மலாயாவே நின்றது. இன்று அவ்வூரிலே அன்னாசிக்கென்று ஒரு காட்சிசாலையும் இருக்கிறது. அன்னாசிக் காடுகளுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனைத் தோட்டங்கள். அவற்றுள் ஒன்றிலே நாம் கிராணியாக இருக்கிறோம்.

கிராணி என்பவன் யார் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. துரை ஒருபுறம், தொழிலாளி மறுபுறம். இடையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன் கிராணி. மேலேயிருந்து வருவதைக் கீழே சொல்வான். கீழேயிருந்து வருவதைச் சுருக்கி மேலே எழுதுவான். நம் தகப்பனாரும் அவ்வேலையே செய்தவர். 'ஆங்கிலம் தெரிந்தால்தான் மேசை கிடைக்கும்' என்ற எண்ணத்தினால் அவர் நம்மை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தார். தமிழை வீட்டிலும், ஞாயிறு வேதபாட வகுப்பிலும், பின்னர் வாரப் பத்திரிகைகளிலுமாகச் சிறுகச் சிறுகக் கற்றுக்கொண்டோம். முப்பது வயதைக் கடந்த பின்னும், கூட்டத்தில் எழுந்து நின்றால் நமக்கு முதலில் வாயில் வருவது ஆங்கிலமே. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு இது காரணமாகையால் சொல்கிறோம்.

எமது தோட்டத்திலே ஒரு சிறிய ஜெபவீடு இருக்கிறது. பலகைச் சுவரும் துத்தநாகக் கூரையும் உடையது. பால்மரக் காலத்துத் தொழிலாளிகள் மாதச் சம்பளத்திலே கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்துக் கட்டியது. முன்னே ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடமிராது என்பார்கள். இன்று குலை அறுப்போர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். தமிழ்க் குடும்பங்கள் லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. ஆராதனைக்கு வருவோர் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. நிலமோ நிர்வாகத்துடையது. அதை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகச் செய்தியும் வந்துவிட்டது. ஆகவே, இத்தகைய சிறு சபைகளையெல்லாம் அருகிலுள்ள நகரச் சபைகளோடு சேர்த்துவிடலாமா என்பதை ஆராய, எமது திருச்சபையின் வருடாந்தர மகாநாட்டில் ஒரு பொருள் வைக்கப்பட்டது. மகாநாடு கூடும் இடம் பேராக் கரைக்கு அப்பாலுள்ள பங்கோர்த் தீவு. சென்ற ஆண்டு, எமது ஜெபவீட்டின் சார்பாகப் பேசுவதற்கு நம்மைப் பிரதிநிதியாக அனுப்பினார்கள். 'கிராணி ஐயாவுக்கு இங்கிலீஷ் வரும்' என்பதே அவர்கள் கண்ட தகுதி.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை ஆயா நம் வீட்டு வாசலுக்கு வந்தார். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளைத் தூளியில் ஆட்டியவர். ஆதலால் எல்லோருக்கும் அவர் ஆயாதான். வயது எண்பத்தைந்தை எட்டிவிட்டது. உள்ளே வரச்சொன்னால் வரமாட்டார், படியிலேயே உட்கார்ந்தார்.

"ஐயா, நான் சொல்றத எழுதிக்கிறீங்களா?" என்றார்.

பாக்கெட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம்.

"கோயில மூடுறதுன்னா மூடட்டும். பலகை உளுத்துப் போச்சு. அதுக்கு நான் அழுவல. அலமாரியில இருக்கே, ஞானஸ்நானப் பொஸ்தகம், அது எங்க போகுதுன்னு கேட்டுச் சொல்லுங்க. டவுனுக்குப் போனா போகட்டும். ஆனா யாராச்சும் வந்து கேட்டா எடுத்துக் காட்டணும். அதுக்குன்னு ஒரு ஆளு இருக்கணும், பேரு சொல்லி. பக்கத்துத் தோட்டத்துக் கோயில மூடினாங்களே, அந்தப் பொஸ்தகம் இன்னிக்கு எங்கன்னு யாருக்குத் தெரியும்? நம்ம மூணாவது லயத்துப் பையன் இன்னும் செவப்புக் கார்டோட நிக்கிறான். அவங்கம்மா இங்கதான் பொறந்தான்னு சொல்றதுக்கு அந்தப் பொஸ்தகத்த விட்டா வேற என்ன இருக்கு?"

இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுநடுவே பழைய கதைகள் வந்தன. தமக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாததும், 1950-களில் அடையாளக் கார்டு எடுக்கப் போனபோது அந்தப் புத்தகத்தின் நகலே சாட்சியாக நின்றதும், தம் தகப்பனாரின் பெயர் எழுத்தில் இருப்பது இந்த உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் என்பதும் வந்தன. மூன்று பக்கம் நிரம்பிற்று. 'சரி, ஆயா, சொல்லிவிடுகிறேன்' என்றோம்.

போதகரும் நாமும் வாடகை வண்டியொன்றில் விடியுமுன் புறப்பட்டோம். ஸ்கூடாய் வந்து, வடக்கே செல்லும் நெடுஞ்சாலையைப் பிடித்து, கோலாலம்பூரைத் தாண்டி லுமுட் துறைமுகம் சேர ஏறத்தாழ 600 கிலோமீட்டர். வழிநெடுக இருபுறமும் செம்பனையே. ஒருகாலத்தில் இவ்வழியெல்லாம் பால்மரம் நின்றது. அதன் நிழலில் நம் முன்னோர் நின்றார்கள். இப்போது மரமும் மாறி, ஆளும் மாறிவிட்டார்கள். வண்டியிலே நாம் செய்த வேலை ஒன்றுண்டு. மகாநாட்டில் ஒவ்வொரு பிரதிநிதிக்கும் மூன்று நிமிஷமே தருவார்கள் என்று காரியதரிசியின் சுற்றறிக்கை கூறிற்று. ஆகவே, ஆயாவின் மூன்று பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு பேச்சைத் தயாரித்தோம்.

லுமுட்டுக்கு முன்னால் சித்தியவான் என்னும் ஊர் வருகிறது. 1903 ஆம் ஆண்டிலே சீனத்துப் பூச்சௌ நாட்டிலிருந்து 363 பேர் மெதடிஸ்த போதகர்களான லூரிங், லிங் சிங் மீ ஆகியோரின் முயற்சியால் அங்கே குடியேறினார்கள். காட்டை வெட்டி, பயிரிட்டு, கோயிலும் பள்ளியும் கட்டி, ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். ஊரைக் கடக்கும்போது போதகர் இதை நமக்கு எடுத்துச் சொன்னார். நாம் அரைக் காதால் கேட்டுக்கொண்டு, பேச்சில் ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

லுமுட்டிலிருந்து படகு. ஒருபக்கம் கடற்படையின் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. அரைமணி நேரத்துக்குச் சற்று மேலாகப் படகு சென்றது. முதலில் சுங்கை பினாங் கெச்சில் என்னும் மீனவர் குடியிருப்பில் நின்று, பிறகு பங்கோர்ப் பட்டணத்தின் துறையை அடைந்தது. பட்டணம் என்று சொன்னாலும் ஒரே நீண்ட தெருதான். இருபுறமும் நெத்திலிக் கருவாடும் காய்ந்த கணவாயும் விற்கும் கடைகள். இளஞ்சிவப்புச் சாயம் பூசிய வாடகை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. தமிழர் இங்கேயும் இருக்கிறார்கள். பத்திரகாளியம்மன் கோயிலில் மாசிமகம் வந்தால் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் கடல் கடந்து வருகிறார்கள் என்று படகோட்டி மகிழ்ச்சியோடு சொன்னார்.

நிற்க. மகாநாடு மறுநாட் காலை, வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் தொடங்கிற்று. தமிழரும் சீனரும் பிறருமாகப் பல மொழிச் சபைகளின் பிரதிநிதிகள் வந்திருந்தமையால் நடவடிக்கைகள் யாவும் ஆங்கிலத்தில் நடந்தன. முகவுரை நிகழ்த்திய பெரியவர் ஒருவர் தரங்கம்பாடியைப் பற்றிப் பேசினார். 1706 ஆம் ஆண்டு சீகன்பால்கு வந்திறங்கிய அந்தக் கடலோரச் சிற்றூரிலே, 1919 ஆம் ஆண்டு மே மாதம் முதல் இரண்டு தேதிகளில் முப்பதுக்கு மேற்பட்டோர் கூடினார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். முன்னின்றோருள் ஒருவர் பேராயர் அசரியா. மேல்நாட்டார் தங்கள் ஊர்ச் சண்டைகளால் உண்டாக்கிய பிரிவினைகளை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அதன் பயனாகத் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆந் தேதி சென்னையில் நிலைபெற்றது. இரண்டு நாட் கூட்டத்தின் சொல் செயலாவதற்கு இருபத்தெட்டு வருஷம் பிடித்தது. 'ஒன்றுசேர்வது நல்லது, ஆனால் ஒவ்வொருவரும் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார் என்பதைப் பொறுமையோடு கேட்கவேண்டும், அதற்குத்தான் அத்தனை காலம் பிடித்தது' என்று சொல்லி அப்பெரியவர் அமர்ந்தார். நாமும் கைதட்டினோம்.

பிற்பகலுக்கு முன்னால் நம் முறை வந்தது. எழுந்தோம். பலகைச் சுவரைப் பற்றியும், துத்தநாகக் கூரையில் மழை விழும் ஓசையைப் பற்றியும், உழைத்து வியர்த்த கைகள் எழுப்பிய ஆலயம் என்றும் பேசினோம். 'ஹெரிடேஜ்' என்ற சொல்லை நான்கு தடவை சொன்னோம். ஆயாவைப் பற்றியும் ஒரு வாக்கியம் இருந்தது: எண்பத்தைந்து வயதான ஒரு மூதாட்டி இன்றும் அங்கே மண்டியிடுகிறார் என்றோம். மணி அடிப்பதற்குச் சரியாக ஐந்து விநாடி இருக்கையில் முடித்தோம். நல்ல கைதட்டல். அக்கிராசனரே தலையசைத்தார். ஜெபவீட்டை இடிக்குமுன் அதைப் படம் பிடித்து வைக்கவேண்டும் என்றும், நகரச் சபையின் முற்றத்தில் ஒரு நினைவுக்கல் பதிக்கவேண்டும் என்றும் ஒரு தீர்மானம் உடனே நிறைவேறிற்று. தேநீர் வேளையில் இருவர் வந்து கைகுலுக்கினார்கள்.

புத்தகத்தைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறந்தோம் என்று சொன்னால் அது பொய்யாகும். வண்டியிலே பேச்சைத் தயாரித்தபோதே அதை அடித்துவிட்டோம். ஓர் அலமாரிப் பதிவேட்டைப் பற்றி இத்தனை பெரிய சபையில் பேசுவது சிறுமை என்று நமக்குத் தோன்றிற்று. நாள் முழுவதும் செக்ரோலும் பேரேடுமாக உழல்பவன், மகாநாட்டுக்கு வந்தும் பேரேட்டைப் பற்றித்தானா பேசவேண்டும் என்ற வெட்கமும் இருந்தது.

பிற்பகலில் பிரதிநிதிகளுக்கு ஓய்வு தந்தார்கள். சிலரோடு சேர்ந்து தெலுக் கெடோங்கிலுள்ள ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்கப் போனோம். 1670 ஆம் ஆண்டு, பேராக்கின் ஈயத்தைச் சேர்த்து வைப்பதற்காக ஒல்லாந்தர் கட்டியது. இன்று கூரையில்லாத செங்கற் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பங்கோர் என்றதும் பள்ளியில் படித்த சரித்திரம் நினைவுக்கு வராமற் போகாது. 1874 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆந் தேதி, இத்தீவின் அருகே நின்ற 'புளூட்டோ' என்னும் கப்பலில், ஆளுநர் ஸர் ஆண்ட்ரூ கிளார்க்கின் முன்னிலையில் பேராக் பிரபுக்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு இசைந்தார்கள். ராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். அதற்கு ஈடாக ஆங்கிலேய ரெசிடெண்ட் ஒருவரை வைத்துக்கொள்ளவும், மலாய்க்காரரின் சமயமும் வழக்கமும் நீங்கலாக மற்றெல்லாக் காரியங்களிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்கவும் உடன்பட்டார். ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதப்பட்டது. ஆலோசனை என்பதை மலாய்ப் பிரபுக்கள் ஆலோசனையாகக் கருதினார்கள். ஆங்கிலேயர் கட்டளையாகக் கருதினார்கள். முதல் ரெசிடெண்டாக வந்த பர்ச் என்பவர் 1875 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆந் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அன்று அறிவிப்புத் தாள்களை ஒட்டிக்கொண்டிருந்த அவருடைய மொழிபெயர்ப்பாளரும் உயிரிழந்தார்.

பள்ளியில் இதைப் படித்தபோது சுல்தானையும் பர்ச்சையும் பற்றி மட்டுமே எண்ணினோம். அன்று அந்தச் சுவரோரத்தில் நின்றபோது அந்த மொழிபெயர்ப்பாளர் நினைவுக்கு வந்தார். ஒருவர் சொன்னதை மற்றொருவர் காதில் போடுவது அவருடைய தொழில். நமது தொழிலும் அதுதானே என்று தோன்றிற்று. ஆயினும் அவ்வெண்ணம் அந்த அளவில் நின்றுவிட்டது.

மாலையில் தெருவிலே நெத்திலி வாங்க ஒரு கடையில் ஏறினோம். கடையில் வேலை பார்த்த முதியவர் தமிழர். "எந்த ஊர் தம்பி?" என்றார். சொன்னோம். "அவ்வளவு தூரத்திலிருந்தா? என்ன காரியமா?" என்றார். மகாநாட்டைப் பற்றிச் சொன்னோம். "நீங்களும் பேசினீங்களா?" என்றார். பேசினோம் என்றோம்.

"என்ன பேசினீங்க?"

அவர் ஆவலாகத்தான் கேட்டார். நாமும் பதில் சொல்லத் தொடங்கினோம். தோட்டத்துக் கோயிலை மூடப்போகிறார்கள் என்றோம், 'ஐயோ' என்றார். அதைப் பற்றிப் பேசினோம் என்றோம். "மூடவேண்டாம்னு சொன்னீங்களா?" இல்லை. "வேற இடம் கேட்டீங்களா?" இல்லை. "அப்ப என்ன கேட்டீங்க?" நான்கு தடவை கையாண்ட அந்த அழகான சொல்லுக்கு அந்தக் கருவாட்டுக் கடையில் நின்றுகொண்டு தமிழ் தேடினோம். மரபு என்றோம், பாரம்பரியம் என்றோம். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "நெத்திலி அரைக் கிலோ போதுமா, தம்பி?" என்றார்.

நாம் பேசிய மூன்று நிமிஷத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லப் போனால் அதில் ஒன்றுமே இல்லை என்பதை அப்போதுதான் கண்டோம். ஆயா கேட்டதோ எந்த மொழியில் சொன்னாலும் கேட்டதுதான்: புத்தகம் எங்கே போகிறது? யார் பொறுப்பு? கேட்டால் காட்டுவார்களா?

இரவு விடுதியிலே நோட்டுப் புத்தகத்தை எடுத்து அம்மூன்று பக்கத்தையும் முதன்முறையாக ஒழுங்காக வாசித்தோம். கதை என்று நாம் தள்ளியதெல்லாம் காரணங்களாக இருந்தன. ஆயாவின் தகப்பனார் 1943 ஆம் ஆண்டு, ஆயா கைக்குழந்தையாக இருக்கையில், ஜப்பானியரால் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டு போகப்பட்டார், திரும்பவில்லை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையிலே மடிந்த மலாயாத் தமிழர் பல்லாயிரவர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. ஆயாவின் ஞானஸ்நானத்தைப் பதிந்த வரியிலே 'தகப்பன்' என்னும் பத்தியில் அவர் பெயர் இருக்கிறது. பக்கத்தில் ஓரத்திலே, யாரோ ஒரு பழைய உபதேசியார் பென்சிலால் 'சயாம்' என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் அவ்வாறு பென்சிற் குறிப்பு உள்ளவை மொத்தம் ஒன்பது பெயர்கள் என்று ஆயா எண்ணிச் சொல்லியிருந்தார். நமக்கு எழுத்து வேலை. இருந்தும் நாம் அந்தப் புத்தகத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலை அக்கிராசனரிடம் போய், ஒரு விஷயம் விட்டுப்போயிற்று, பேச இடம் வேண்டும் என்றோம். அந்தப் பொருள் முடிந்துவிட்டது என்றார். அவர் சொன்னது முறைதான். கடைசியாக, பிற விஷயங்கள் என்னும் பகுதியில் ஒரு நிமிஷம் தருவதாக ஒப்புக்கொண்டார். அந்த நேரம் வந்தபோது பிரதிநிதிகளில் பாதிப்பேர் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு படகு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து, "நேற்று நான் என் சபையின் பிரதிநிதியாகப் பேசவில்லை, என் பேச்சைப் பேசினேன். இன்று அவர்கள் சொல்லியனுப்பியதை வாசிக்கிறேன்" என்று சொல்லி, ஆயாவின் சொற்களை அவர் சொன்னபடியே தமிழில் வாசித்தோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் அதன் பொருளை மட்டும், கூட்டாமலும் குறைக்காமலும், ஆங்கிலத்தில் சொன்னோம். ஒரு நிமிஷம் மூன்று நிமிஷமாயிற்று. மணி அடிக்கவில்லை. கைதட்டலும் இல்லை. சற்று நேரம் மௌனமாக இருந்தது.

பிறகு சித்தியவான் பக்கத்திலிருந்து வந்த சீன முதியவர் ஒருவர் எழுந்தார். தம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த வயதில் வந்தார் என்பதைத் தம் குடும்பம் அறிந்தது கோயிற் புத்தகத்திலிருந்துதான் என்றும், தோட்டத்துத் தாய் கேட்பது நியாயமென்றும் சொல்லி ஆமோதித்தார். இணைக்கப்படும் ஒவ்வொரு சபையின் பதிவேடுகளையும் கணக்கெடுத்து, நகல் எடுத்து, கேட்போருக்குக் காட்டும் பொறுப்பை ஒருவர் பெயரில் ஒப்படைக்க வேண்டும் என்ற யோசனையை ஒரு குழுவின் பார்வைக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. குழுவுக்கு அனுப்புவது என்பதன் பொருள் கிராணிகளாகிய நமக்குத் தெரியாததன்று. ஆயினும் நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறியது.

தோட்டம் திரும்பிய மறுநாள் ஆயா வந்தார். படியில் உட்கார்ந்தார்.

"பொஸ்தகத்தப் பத்திச் சொன்னீங்களா, ஐயா?"

நடந்ததை நடந்தபடி சொன்னோம். முதல் நாள் சொல்லாததையும், ஏன் சொல்லவில்லை என்பதையும், கருவாட்டுக் கடையையும், இரண்டாம் நாளையும் சொன்னோம். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். கோபித்திருந்தால் நமக்கு ஒருவகையில் எளிதாக இருந்திருக்கும்.

"ரெண்டாம் நாளு சொன்னீங்கல்ல" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் குழுவுல யாரு யாரு இருக்காங்க? எப்பக் கூடுது?" என்று கேட்டார்.

அதை நாம் கேட்டுவரவில்லை. 'கேட்டு எழுதுகிறேன்' என்றோம். "எழுதுங்க. பதில் வரலேன்னா மறுபடி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று முதல் சனிக்கிழமை மாலைகளில் போதகரின் அனுமதியோடு அந்தப் பதிவேட்டை நகல் எடுத்து வருகிறோம். கைபேசியில் ஒவ்வொரு தாளையும் படம் பிடித்துக்கொள்கிறோம். கறையான் அரித்த இடங்களையும் பென்சில் எழுத்துக்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கையால் எழுதுகிறோம். ஆயா பக்கத்தில் இருந்து, படிக்க முடியாத பெயர்களை நினைவிலிருந்து சொல்கிறார். நமக்குத் தெரியாமல், மூன்று தலைமுறை பால்வெட்டுக்காரர்கள் அந்த அலமாரியில் இருந்தார்கள். மூன்றாவது லயத்துப் பையனுடைய தாயின் வரி அகப்பட்டது. அதன் நகலில் போதகர் கையொப்பமிட்டு, மற்றப் பத்திரங்களோடு பதிவிலாகாவுக்குக் கொடுத்திருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. குழுவுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினோம். ஒன்றுக்குப் பதில் வந்தது: கூடும் தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று. மூன்றாவது கடிதம் எழுதி வைத்திருக்கிறோம்.

நேயர்களே, இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய விஷயமன்று. நம் மக்களுள் பிறப்புப் பத்திரம் இல்லாமையினாலும், பெற்றோரின் திருமணம் பதிவாகாமையினாலும் சிவப்புக் கார்டோடோ, கார்டே இல்லாமலோ நிற்போர் இன்றும் உண்டு. 2011 ஆம் ஆண்டு அரசாங்கம் 'மைடஃப்தார்' என்னும் இயக்கத்தை நடத்தி, இந்தியருள் பத்திரமில்லாதவர்களைத் தேடிப் பதிந்தது. எல்லோருடைய குறையும் அதனால் தீர்ந்துவிடவில்லை. இத்தகையோர் தாம் இன்ன தோட்டத்தில், இன்ன பெற்றோருக்குப் பிறந்ததாகக் காட்டுவதற்கு உதவும் சான்றுகள் எங்கே கிடக்கின்றன? மூடப்பட்ட தோட்டத்து ஆஸ்பத்திரியின் குறிப்பேட்டில், தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில், மாதாகோயில் அலமாரியில், அம்மன் கோயில் திருமணக் கணக்கில், நம்மைப் போன்ற கிராணிகள் எழுதிய பழைய செக்ரோலில். தோட்டம் கைமாறும்போது கட்டடத்தைப் படம் பிடிக்கிறோம், காகிதத்தை எரித்துவிடுகிறோம். உங்கள் ஊரில் அப்படி ஒரு பதிவேடு இருந்தால், அது எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். நகல் எடுத்து வையுங்கள்.

ஆங்கிலம் தெரிந்தவன் என்பதற்காக ஒருவனைப் பிரதிநிதியாக அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவனிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். திரும்பி வந்ததும், ஆயா கேட்டதுபோல, சொன்னாயா என்று கேளுங்கள். அவனுக்கு அது நல்லது. நமக்கு நல்லதாயிற்று.

வருகிற சனிக்கிழமை, பென்சிற் குறிப்புள்ள அந்தப் பக்கத்துக்கு வருகிறோம். ஒன்பது பெயர்களில் ஏழு தெளிவாக இருக்கின்றன. மற்ற இரண்டையும் ஆயா வந்துதான் வாசிக்கவேண்டும்.